இந்த மாதம் பெரியப்பா

"மாஸ்டர், எங்க பெரியப்பா தவறிட்டார். ரெண்டு நாள் லீவு வேணும்."

பேக்கரியில் ராத்திரி ஷிப்ட் தொடங்கும் நேரம். மாவு சலித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"போன மாசம் சித்தப்பா. அதுக்கு முந்தின மாசம் மாமா," என்றார் மாஸ்டர். "உங்க குடும்பத்துல ஆம்பளைங்களுக்கு ஆயுசே கெட்டி இல்லையா?"

"இவனுக்குச் சொந்தக்காரனா மட்டும் பொறக்கக் கூடாதுப்பா," என்று பிரெட் வெட்டுகிறவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே சொல்லக்கூடிய காரணமா அது?

கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. மனைவிக்குப் பகல் வேலை, இவனுக்கு ராத்திரி வேலை. இவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, ஸ்கேன் பார்த்து, நேற்றுதான் சொன்னார்.

"முட்டை நல்லா வளர்ந்திருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வந்து ஊசி போட்டுக்குங்க. அன்னைக்கு ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கணும். இந்த மாத்திரையில இதுதான் கடைசித் தடவை."

காலையில் மனைவி கேட்டாள். "இன்னைக்கு யாரைங்க சாகடிக்கப் போறீங்க?"

"பெரியப்பாதான் பாக்கி."

"பாவம், நல்ல மனுஷன்," என்று சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெரிய ஆர்டர் இருக்கு. யாருக்கும் லீவு கிடையாது," என்று மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நீ உள்ள வா. உன்கிட்ட தனியாப் பேசணும்."

"செத்தான்டா," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு மாஸ்டர் ஃபிரிட்ஜைத் திறந்தார். ஈஸ்ட் பாக்கெட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மருந்துப் பெட்டியை எடுத்தார். வீட்டு ஃபிரிட்ஜ் படுத்துவிட்டதால் அந்த ஊசி மருந்தை நேற்று இவன்தான் அங்கே ஒளித்து வைத்திருந்தான்.

"இது உன்னுதா?"

"ஆமா மாஸ்டர். ஈஸ்ட் மேல படாமத்தான் வச்சேன்."

"மருந்துப் பேரைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. எப்பப் போடணும்?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல. ஆஸ்பத்திரியில அவ காத்துக்கிட்டு இருக்கா."

"அப்புறம் இங்க நின்னு பெரியப்பாவுக்கு ஏன் அழுதுக்கிட்டு இருக்க?"

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியோடு ஒரு பையில் போட்டு நீட்டினார்.

"கிளம்பு. ரெண்டு நாளும் உன் ஓவனை நான் பார்த்துக்கறேன். வெளிய போறப்ப மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போ. ரெண்டு நாள் இந்தப் பக்கமே வராதேன்னு நான் துரத்திவிட்டதா நினைக்கட்டும்."

அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. "பொய் சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க மாஸ்டர்."

"அட போப்பா. என் சொந்தக்காரங்களை எல்லாம் ஒருத்தர் பாக்கி விடாம முடிச்சுட்டு, பொண்டாட்டி வீட்டு ஆளுங்க மேல கை வச்சப்புறம்தான் எனக்கே பொண்ணு பொறந்தா."