நேயர் அழைப்பு

அமெரிக்காவின் டொலீடோ நகரில், ராக் இசை வானொலியில் முப்பது ஆண்டுகளாக மாலை நிகழ்ச்சி வால்ட் யான்கோவ்ஸ்கியுடையது. ராக் குழுக்களைப் பற்றி மூன்று புத்தகங்களும் எழுதியிருக்கிறார். இப்போதெல்லாம் பாட்டுகளுக்கு நடுவே பேச வேண்டியதை மதியமே பதிவு செய்து கணினியில் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார். மனைவி லொரேன் இறந்த பிறகு, மாலை வரை எங்காவது சுற்றிவிட்டு வீடு திரும்பும் வழியில், கார் வானொலியில் வரும் தன் குரலே அவருக்குத் துணை.

அன்று ஒரு பாட்டு முடிந்ததும் அவர் குரல், "லைன்ல யாரு?" என்றது. அவர் அப்படி எதையும் பதிவு செய்யவில்லை.

"நான்தான். சாப்பிட வரலியா?" லொரேனின் குரல்.

"இதோ, கிளம்பிட்டேன்."

வால்ட் காரை ஓரங்கட்டி, நிலையத்தின் பொறியாளர் கஸ்ஸைக் கைபேசியில் பிடித்தார்.

"கஸ், நிகழ்ச்சியில யாரோ போன்ல பேசுறாங்க."

"எந்த போன்ல? அதைத்தான் போன வருஷமே பிடுங்கிட்டாங்களே. உன் குரலை நீயே கேட்டுக்கிட்டுத் திரியாதேன்னா கேக்கறியா? வீட்டுக்குப் போய்யா."

போனார். வீடு இருட்டாகக் கிடந்தது. கார் வானொலியில் பாட்டு நின்றிருந்தது. அதில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கிண்ணத்தில் கரண்டி உரசியது. லொரேன் ஏதோ சொல்ல, அவர் குரல் சிரித்தது. இன்ஜினை அணைத்தால் அதுவும் போய்விடும் என்று வால்ட் வாசலிலேயே காரில் உட்கார்ந்திருந்தார்.

"வெளிய யாரோ காரை நிறுத்திட்டு உக்காந்திருக்கான், வால்ட்," என்றாள் லொரேன்.

"விடு, போயிடுவான்," என்றது அவர் குரல். "சூப் ஆறுது."