அன்புசெல்வியின் வயர்

நெட்வொர்க் வயரைச் செருகியதும் லேப்டாப் ஐந்தாவது முறையாக அப்படியே நின்றுவிடுகிறது. "மறுபடி ஹேங் ஆயிருச்சுங்க," என்கிறாள் கவிப்பிரியா. அருள்புரத்துப் பனியன் கம்பெனி முதலாளி நேற்றுத்தான் சந்தனமும் குங்குமமும் வைத்து அவளிடம் கொடுத்த லேப்டாப். எதிர் மேசையில், பழைய கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் அன்புசெல்விக்கு நேற்றிலிருந்து எரிந்த வயிறு இப்போதுதான் குளிர்கிறது. ஆறு வருசமாக வெளிநாட்டு மெயிலுக்கெல்லாம் பதில் போட்டவள் அவள்; லேப்டாப் மட்டும், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பெண்ணுக்கு. ஜன்னல் வெயிலில் மினுங்கி இறங்கும் பஞ்சுத்தூசி, அசையாத திரையில் படிகிறது. கவிப்பிரியா துப்பட்டா நுனியால் அதை ஒற்றி எடுக்கிறாள். அந்த நளினமும் அன்புசெல்விக்குப் பிடிக்கவில்லை. "அக்கா, உங்க வயரக் கழட்டித் தர்றீங்களா? அதுல பாக்கலாங்க," என்கிறான் ரிப்பேருக்கு வந்த ஜாஹித். எந்த வயரிலும் அந்த லேப்டாப் ஓடாது என்ற தைரியத்தில் அன்புசெல்வியே குனிந்து கழற்றி நீட்டுகிறாள். செருகியதும் மெயில்கள் மளமளவென்று இறங்குகின்றன. "இதுல ஓடுதுங்க. இப்படியே இருக்கட்டும்," என்கிறான் ஜாஹித். கண்ணாடி அறையிலிருந்து முதலாளியின் குரல் வருகிறது: "ஏம்மா, இத்தாலி மெயில் வந்துருச்சா?" ஆறு வருசப் பழக்கத்தில் அன்புசெல்வி வாயைத் திறக்கிறாள். "வந்துருச்சுங்க," என்கிறாள் கவிப்பிரியா.