செவலையின் தட்டு

தேங்காய் நாரும் சாம்பலுமாகச் சொர்ணம் கிணற்றடியில் மூன்று அலுமினியத் தட்டுகளைப் பரபரவென்று தேய்க்கிறாள். செவலை நாயின் தட்டு வீட்டுத் தட்டுகளோடு கலந்துவிட்டது. எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. எது நாயுடையது என்று தெரியவில்லை. வேலியோரம் வந்து நின்ற மாட்டுவண்டியிலிருந்து அவள் கணவன் அய்யாக்கண்ணு இறங்குகிறான். நாய் நக்கிய பாத்திரத்தால் நோய் வரும் என்று சந்தையில் சுகாதார இன்ஸ்பெக்டர் பேசியதைக் கேட்டு வந்த அன்றே அவன் சொல்லிவிட்டான்: இன்னொரு தடவை கலந்தால் நாயை அன்னவாசல் ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவானாம்.

"கலந்துட்டியா புள்ள?"

"அது தட்ட அதுவே காட்டும். செத்த பொறுங்க." சொர்ணம் தட்டுகளை வெயிலில் வரிசையாக வைக்கிறாள். ஈரத் தட்டுகளில் பட்ட வெளிச்சம் அய்யாக்கண்ணின் மீசையில் நடுங்குகிறது. காற்றில் கயிறு ஆடக் கிணற்று உருளை கிறீச்சிடுகிறது. செவலை வருகிறது, முதல் தட்டை முகர்கிறது, அடுத்ததையும் அதற்கடுத்ததையும் சட்டை செய்யாமல் கடக்கிறது. துவைகல்லின் மேல் தனியே காய்கிற நாலாவது தட்டின் முன்னால் போய் உட்கார்ந்து, வாலால் மண்ணைக் கூட்டியபடி அய்யாக்கண்ணின் முகத்தையே பார்க்கிறது. அந்தத் தட்டில் 'அய்யாக்கண்ணு' என்று பெயர் வெட்டியிருக்கிறது.

அவன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டுகிறான்.

"எம்புட்டு நாளா நடக்குது?" சொர்ணத்தின் உதட்டோரம் சிரிப்பு துடிக்கிறது.

"நீ கடலைக்கொல்லைக்குப் போற நாள்ல மட்டுந்தான் புள்ள. தனியா உக்காந்து தின்னா சோறு எறங்க மாட்டேங்குது."