பந்து பிடிக்க ஓர் ஆள்

“மலேசியாவுல இருக்கிற அத்தனை காலுலயும் அமெரிக்காவுக்குத் தேவைப்படுற கால் இது ஒண்ணுதான் லா,” என்று நைஜல் தன் வலது காலைத் தட்டிக் காட்டினான்.

ஃபெலிசியா அந்தக் காலைப் பார்த்தாள். “முட்டியில சேறு. அனுப்புறதுக்கு முன்னாடி கழுவிடு.”

மந்தின் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் பழைய திடல் அது. கால்பந்துக் கோல்கம்பங்களோடு, செம்பனைக் குலை வெட்டும் நீள அலுமினியக் கம்புகள் இரண்டைக் கட்டி உயர்த்தியிருந்தார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் பந்து முட்டை வடிவம். ஒருவர் மண்டியிட்டு அதை விரல் நுனியால் நிறுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஓடிவந்து இரண்டு கம்புகளுக்கும் நடுவே உதைக்க வேண்டும்.

இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் ராயப்பன். இங்கே பிறந்து, இப்போது அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உதைப்பவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பவர். மூன்று வார லீவில் வந்திருந்தார். கல்லூரி அணிக்கு உதைக்க ஓர் ஆள் தேவை, இடம் ஒன்றுதான், பதினெட்டு வயதும் நல்ல காலும் இருந்தால் யாரானாலும் சரி, படிப்புச் செலவு முழுக்கக் கல்லூரியுடையது என்று வந்த அன்றே சொன்னார்.

மறுநாளே நைஜல் சிரம்பான் போய்ப் பழைய துணிக் கடையில் பனிக்கால ஜாக்கெட் ஒன்று வாங்கிவிட்டான். அன்றிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பழகுகிறான். போனில் அந்தக் கல்லூரி ஊரின் வானிலையைத்தான் வைத்திருக்கிறான். மந்தினில் மழை வந்தால் நனைந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

நாளை ராயப்பன் கிளம்புகிறார். இன்று கடைசிச் சோதனை. நாற்பது கெஜத்திலிருந்து பத்து உதை.

ஃபெலிசியா மண்டியிட்டாள். நைஜல் இருக்கும் அதே வரிசை வீட்டுக்காரி, ஒன்றாம் ஆண்டிலிருந்து அவன்கூடப் படித்தவள். பந்தை நிறுத்தி, அதன் தையல் கம்பங்களைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பினாள். தையல் உதைக்கிறவன் பக்கம் இருந்தால் பந்து கோணிக்கொண்டு போகும்.

“பந்துக்கு மூஞ்சியைத் திருப்பி விடுறா பாருங்க அங்கிள்! ஐ.சி. கார்டுக்கு போட்டோ எடுக்கிற மாதிரி. இதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு செங்கல் வெச்சா போதும்.”

“செங்கல்லா இருந்தா உன் பேச்சைக் கேட்டு எப்பவோ எழுந்து போயிருக்கும்,” என்றாள் ஃபெலிசியா.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க,” என்றார் ராயப்பன். “நைஜல், கணுக்காலை இறுக்கு. தலையைத் தூக்காதே. பந்து எங்க போகுதுன்னு பார்க்கிறதுக்கு நான் இருக்கேன்.”

நைஜல் மூன்றடி பின்னால், இரண்டடி பக்கவாட்டில் போய் நின்றான். ஓடிவந்து உதைத்தான். பந்து கம்புகளுக்கு நடுவே புகுந்து செம்பனை மரங்களுக்குள் மறைந்தது.

இருப்பது ஒரே பந்து. ஃபெலிசியா காலில் மாட்டியிருந்த பழைய பள்ளிக்கூடச் சப்பாத்தோடு மரங்களுக்குள் ஓடினாள். சற்று நேரத்தில் பந்து நைஜலின் காலடியில் வந்து விழுந்தது. பின்னாலேயே அவளும் மூச்சு வாங்க வந்து மண்டியிட்டாள்.

“அங்க குளிர்ல பந்து கல்லு மாதிரி ஆயிடுமா அங்கிள்?”

“ஆமாம்மா. தூரமும் குறையும்.”

“அப்ப எப்படி உதைக்கிறது?”

“உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ இங்கதானே இருக்கப் போற,” என்றான் நைஜல்.

விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. அது மேகத்தில் மறையும்வரை ஃபெலிசியா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நைஜலுக்கு மனம் இளகியது. போகும் முன்பே தன்னைத் தேடுகிறாள், பாவம்.

“அழாதே லா. தினமும் வீடியோவுல வர்றேன்.”

“யாரு அழுதா? பந்தைப் பாரு.”

ஏழாவது உதை கம்பில் பட்டு வெளியே போனது. “பிடிச்சது சரியில்ல,” என்றான் நைஜல். அவள் மரங்களுக்குள் ஓடினாள். பந்து வந்து விழுந்தது.

ராயப்பன் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தார். ஒவ்வொரு முறையும் பந்து திரும்பி வந்து விழுந்த பிறகுதான் போனை இறக்கினார். அதுவரை நைஜலும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான்.

பத்துக்கு ஏழு.

ராயப்பன் வீடியோவைத் தலைமைக் கோச்சுக்கு அனுப்பினார். அங்கே அப்போதுதான் விடிகிற நேரம். ஆனாலும் ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

“என்ன சொல்றாரு அங்கிள்?”

“இந்தக் காலை எங்க கண்டுபிடிச்சேன்னு கேக்குறாரு.”

நைஜல் கண்ணை மூடினான். உள்ளே பனி கொட்டியது. “மந்தின்னு சொல்லுங்க.”

“சொல்லிட்டேன். இன்னும் அஞ்சு உதை எடுத்து அனுப்பச் சொல்றாரு. சரியா வந்தா இடம் உறுதியாம்.”

நைஜல் பந்தைத் தரையில் வைத்துவிட்டு, மூன்றடி எண்ணிப் பின்னால் போனான்.

“நீ எங்கடா போற?” என்றார் ராயப்பன். “மரத்துக்குள்ள இருந்து ஒவ்வொரு தடவையும் உன் காலடிக்கே பந்தை உதைச்சு அனுப்பினாளே, அந்தக் காலைத்தான் கேக்குறாரு.”

நைஜல் திரும்பி வந்து மண்டியிட்டான். ஃபெலிசியா மூன்றடி பின்னால் போய் நிற்கும்வரை காத்திருந்து, பந்தின் தையலை மெல்லக் கம்பங்களின் பக்கம் திருப்பிப் பிடித்தான்.