மஞ்சள் டேப் சுற்றிய வயர்

மாமனார் இடது பக்க ஸ்பீக்கருக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பாதி மறைந்திருந்தார். வெளியே தெரிந்தது இஸ்திரி போட்ட பேன்ட்டும் அதற்குள் இருந்த கௌரவமும்தான்.

“டார்ச்.”

மருமகன் எடுத்துக் கொடுத்தான். மருந்துக் கடையில் வேலை. எதைக் கேட்டாலும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அதே பணிவு.

ஸ்பீக்கர் என்றால் சின்னதாக ஏதோ நினைக்க வேண்டாம். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள், டிவிக்குக் கீழே படுக்கைவாக்கில் இன்னொன்று. வீட்டையே தியேட்டர் ஆக்குகிறேன் என்று மருமகன் பலகை வாங்கி, அறுத்து, பசை போட்டு, சொந்தக் கையால் செய்தவை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, செருப்பு வைக்க இவ்வளவு பெரிய அலமாரியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாமனார் ஓய்வு பெற்ற தரச் சோதனை அதிகாரி. ஒரு தொழிற்சாலையின் வாசலில் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து, வந்த சாமான் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தவர். ‘சரியாக இருக்கிறது’ என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. மனம் குளிர்ந்து அவர் கொடுக்கிற பெரிய பாராட்டே ‘இப்போதைக்குப் போகட்டும்’தான்.

மகள் தனக்குப் பிடித்தவனை அழைத்து வந்தபோதும் மேலும் கீழும் ஒருமுறை பார்த்துத் திருப்பி அனுப்பினார். அவர் திருப்பி அனுப்பிய சாமானோடு மகளும் போய்விட்டாள்.

அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றார். சொன்ன சொல் துருப்பிடிக்காமல் இருந்தது, போன் வருகிறவரை.

“அப்பா, இவரு ஸ்பீக்கர் செஞ்சிருக்காரு. பாஸ் சத்தமே வரல, அடியில திம்முனு அதிருமே, அது. ஸ்பீக்கர் கடைக்காரங்களுக்கே ஒண்ணும் புரியல.”

கடைக்காரனுக்கே புரியவில்லை என்றால் அது வேறு விஷயம். மகள் வீட்டுக்குப் போவது வேறு, பழுது பார்க்கப் போவது வேறு. வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தார்.

முதல் ஞாயிறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, தொண்டை காய்ந்தால் காது அடைக்கும் என்பதால் டீ. அதற்கும் அடுத்தது சாப்பாடே. உப்பு கொஞ்சம் கம்மி என்று அறிக்கை கொடுத்துவிட்டு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

குறைக்கும் பஞ்சமில்லை. ஒரு வாரம் பெட்டியின் மூலையில் காற்று கசிந்தது. இன்னொரு வாரம் உள்ளே அடைத்த பஞ்சு அதிகம். போன வாரம் எல்லாம் தீர்ந்துபோய், பாட்டு போட்டால் காலடியில் தரை மெல்ல அதிர்ந்தது. ப்ளஸ் வயர்களின் நுனியில் தன் கையாலேயே மஞ்சள் டேப் சுற்றி, சிவப்பு முனையில் மாட்டி, “இனிமே இதுல கை வைக்க வேலையில்ல” என்று முத்திரை குத்தினார்.

குத்திவிட்டுக் கிளம்பியவருக்கு வழியெல்லாம் அந்த வாக்கியம்தான் காலில் இடறியது. வேலையில்லை என்றால் அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு வருவது? ஸ்பீக்கர் உருப்பட்டால் அவர் கெட்டார்.

வியாழக்கிழமை போன். “அப்பா, மறுபடியும் போச்சு.”

“நான்தான் சொன்னேனே” என்றார், எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாமல்.

இதோ வந்துவிட்டார். காலையிலிருந்து சுவர், திரைச்சீலை, தரை என்று ஒவ்வொன்றையும் கூண்டில் ஏற்றி விசாரித்தாயிற்று. மருமகனை அவர் நேராகக் கூப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்துச் சொல்வார், மருமகன் கேட்டுக்கொள்வான்.

“பலகை ஈரம் குடிச்சிருக்கும். செய்றப்பவே யோசிச்சிருக்கணும், செஞ்சவங்க.”

“ஆமா மாமா. செஞ்சவங்களுக்கு அறிவு பத்தாது” என்றான் செய்தவன்.

டார்ச் வெளிச்சம் பெட்டியின் முதுகில் ஊர்ந்து, வயர் மாட்டும் இடத்தில் நின்றது.

மஞ்சள் டேப் சுற்றிய வயர் கறுப்பு முனையில் இருந்தது.

கழன்று விழுந்து யாரோ அவசரத்தில் செருகியது அல்ல. திருகு நன்றாக முடுக்கி, அக்கறையாக, அழகாக, தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. ஒரு பெட்டி மூச்சை இழுக்கும்போது மற்றது விடும். ஒன்றின் சத்தத்தை மற்றது விழுங்கிவிடும். திருப்பி மாட்டினால் வேலை முடிந்தது.

வயருக்குக் கால் கிடையாது.

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து வழியாகப் பார்த்தார். மருமகன், மின்விசிறியை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்ப்பவன் போல அண்ணாந்து நின்றிருந்தான். சமையலறை வாசலில் மகள், கையில் கரண்டியோடு, ஒரு பாதத்தை மற்றதன் மேல் ஏற்றி வைத்தபடி. சின்ன வயதில் அவருடைய கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, ‘எனக்குத் தெரியாதுப்பா’ என்று நின்றபோதும் இதே கால்தான்.

அவர் விரல் திருகின் மேல் இருந்தது.

கறுப்பு முனையை இன்னும் ஒரு சுற்று முடுக்கினார்.

பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து, முழங்கால் தூசியைத் தட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுவரைப் பார்க்கவில்லை.

“நடு ஸ்பீக்கர் மேலதான் எனக்குச் சந்தேகம், மாப்பிள்ளை. பிரிச்சு முதல்லேருந்து செய்யணும். ஒரு ஞாயித்துக்கிழமைல முடியிற வேலையில்ல.”

மருமகனின் பார்வை மின்விசிறியிலிருந்து இறங்கியது. மகளின் கால் தரைக்கு வந்தது.

“அப்ப வயருப்பா?” என்றாள்.

“அது சரியா இருக்கு.”