பச்சை பிடித்த நாற்று

கேளம்பாக்கத்துப் பண்ணைச் சுற்றுலாவுக்குக் காலையில் வந்தவர்கள் நாற்று நட்டு, படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வண்டி வருவதற்குள் அதையெல்லாம் காந்திமதி பிடுங்கிக் கட்டாக வைக்கிறாள். விற்கும்வரை இது அவள் வயலாக இருந்தது. சேற்றுநீரில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. வரப்போரம், போன வாரம் தப்பிய சில நாற்றுகள் பச்சை பிடித்து நிமிர்ந்து நிற்கின்றன.

"இத்த மட்டும் வுட்டுடு சார். இங்க கதிர் பாத்து வருசமாவுது."

"கதிர் வந்தா, வர்றவங்க எங்கக்கா நடுவாங்க? என் தலையிலயா?" மேலாளர் ஜெரோம் சிரிக்கிறான். அவள் பிடுங்குகிறாள். வெள்ளை வேர் மண்ணை விட மாட்டேன் என்கிறது.

வண்டி வந்துவிடுகிறது. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கும் பெண் ஒருத்தி முதல் நாற்றை ஊன்றுகிறாள்.

"இது எப்பக்கா அறுவடை?"

காந்திமதி நிமிராமலே சொல்கிறாள். "பொங்கலுக்கும்மா."