பட்டாளத்தார் பார்த்த படம்

இடைவேளை விட்டதும் பினு, கத்தரீனாளின் டீக்கடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். சொந்த ஊரில், தானே எடுத்த படத்துக்கே இப்படி ஒளிய வேண்டியிருந்தது.

சூரியநெல்லி மாதா கோயில் ஹாலின் தகரக் கூரையில் மழை அடித்த அடியில், உள்ளே ஓடிய வசனம் ஒன்றுகூட வெளியே கேட்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். தேனியில் முதல் நாள் முதல் காட்சியில் பக்கத்து சீட்டுக்காரர் விட்ட கொட்டாவி இன்னும் அவன் கனவில் வருகிறது. அதிலிருந்து தன் படம் ஓடும் இடத்துக்குள் அவன் காலடி வைப்பதில்லை.

மலையெல்லாம் ஓடித் திரிந்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போய், போரில் காலை இழந்து ஊர் திரும்பும் ஒருவனின் கதை. நான்கே நாளில் தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்கள். பார்த்த நாற்பத்திரண்டு பேரும் இன்டர்நெட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். காவியம் என்றார் ஒருவர். முதல் பாதி வயிறு குலுங்கச் சிரிப்பு, இரண்டாம் பாதிக்கு மூக்குச் சிந்தவே தனியாக ஆள் வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர்.

இன்றைக்கு அந்த நாற்பத்திரண்டு பேரும் ஒரு பொருட்டே இல்லை. ஒரே ஒரு ஆள் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் பினுவின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் டின்சியின் அப்பா, பாஸ்கல் பட்டாளத்தார். இடது காலை எல்லையில் விட்டுவிட்டு வந்து, கட்டைக்காலோடு எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேனாக நிற்பவர். அவர் கதையைக் கேட்டுத்தான் பினு படமே எடுத்தான். பெண் கேட்டுப் போனபோது அவர் அதிகம் பேசவில்லை.

"படத்தை நம்ம கோயில் ஹால்ல போடு. என்னைய அழுமூஞ்சியாக் காட்டியிருந்தேன்னு வையி, டின்சியை மறந்துரு."

பினுவுக்கு அன்றே தூக்கம் போய்விட்டது. இரண்டாம் பாதிக்குக் கிளிசரின் மட்டும் மூன்று பாட்டில் செலவானது அவனுக்குத்தானே தெரியும்!

டின்சி ஏற்கெனவே மூணாறில் படத்தைப் பார்த்திருந்தாள். நல்லாத்தான் இருக்கு, அப்பாவுக்குத்தான் ஆகாது என்று சொன்னதோடு சரி. பூசைப் பாட்டுகளின் வரிகளைச் சுவரில் போட்டுக்காட்டும் புரொஜெக்டர் அவள் பொறுப்பு. பாதிக்கு ஒரு ஃபைலாகப் படம் இருந்த பென்டிரைவை அவள் கையில் திணித்துவிட்டு நழுவியவன்தான் இவன்.

கடை முன்னால் கூட்டம் சேர்ந்தது. ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஹாலிலிருந்து ஓடிவந்த கத்தரீனாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பால் விடாத கட்டன்சாயா ஊற்றினாள். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் மிக்கேல்ராஜ் கிளாசை வாங்கியவர் குடிக்கக்கூட இல்லை.

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரில்ல இருக்குக்கா," என்றார்.

பினு கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். சிரிப்புப் பாதிக்கே இந்தக் கதி என்றால், இனி வரப்போகும் அழுகைப் பாதிக்கு ஹாலில் உயிர் மிஞ்சுமா? போதாததுக்கு, பட்டாளத்தார் முதல் வரிசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றும், அவர் பல்லைக் கடித்த சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்டது என்றும் மிக்கேல்ராஜ் சொல்லிவிட்டுப் போனார்.

போடிக்கு ஜீப் ஏறி ஓடிவிடலாமா என்று பார்த்தான். மழையில் ஜீப்பும் இல்லை. டின்சியை நினைத்துக்கொண்டு, ஆறிப்போன கட்டன்சாயாவை மூன்று கிளாஸ் குடித்தான்.

ஒருவழியாகப் படம் விட்டது. வெளியே வந்த மிக்கேல்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பின்னால் பாதி ஊர் சிரித்தது. மீதிப் பாதி, மனுசன் படுற பாட்டைப் பாத்துட்டு எப்படிச் சிரிக்கிறீங்க என்று அவர்களோடு சண்டைக்குப் போனது. கத்தரீனாள் அழுத கட்சிக்குத் தலைவி.

பினு இடிந்துபோனான். மூன்று பாட்டில் கிளிசரினையும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இதற்கு அந்தக் கொட்டாவியே தேவலை.

டக், டக் என்று கட்டைக்கால் சத்தம் கடையைச் சுற்றிக்கொண்டு வந்தது. பினு கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. இரண்டு முரட்டுக் கைகள் அவனை அள்ளி அணைத்துக்கொண்டன.

"மொதல்ல உன்னையக் கொன்னுரலாம்னுதான் இருந்துச்சு மாப்ள. ஆனா கடைசில அவன அந்த மலையில ஓட விட்ட பாரு..." பட்டாளத்தார் கட்டைக்காலைத் தரையில் தட்டினார். "எனக்கே கால் வந்த மாதிரி இருந்துச்சுப்பா. சாமியார்ட்டச் சொல்லி வாற ஞாயித்துக்கெழமப் பூசையில கல்யாண ஓலை வாசிச்சிருவோம்."

அழுமூஞ்சியே ஆகாது என்றவர் அழுதுகொண்டிருந்தார். பினுவும் சேர்ந்து அழுதான். கல்யாணம் கூடிவந்த சந்தோஷத்தில் அவனுக்கு மழைகூடத் தெரியவில்லை.

அவர் போன பிறகுதான் உறைத்தது. கடைசிக் காட்சியில் அந்த ஆள் ஊன்றுகோலைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டல்லவா இருப்பான்? ஹாலுக்குள் ஓடினான். டின்சி நிதானமாக வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"டின்சி, உங்கப்பா என்னத்தையோ மாத்திச் சொல்றாரு. கடைசில யாரு ஓடுனா?"

அவள் தலை நிமிராமலே சொன்னாள்.

"ரெண்டாம் பாதியை மொதல்ல போட்டுட்டேன்."